துப்பாக்கி எண்கள்: காலிபர் அளவா, பெயரா?

.38 ஸ்பெஷல், .380 ஆட்டோ, .357 மேக்னம், 9 மி.மீ. லூகர். இந்த நான்கு தோட்டாக்களையும் மேசையில் வரிசையாக நிறுத்தி, எதன் குண்டு பருமனானது என்று புதியவர் ஒருவரிடம் கேளுங்கள். எண்களைப் பார்த்துவிட்டு, .380 தான் பெரியது என்றோ, .38-உம் .380-உம் ஒன்றேதான் என்றோ சொல்வார். இரண்டும் தவறு. வெர்னியர் காலிப்பரை எடுத்து அளந்தால் .38 ஸ்பெஷலின் குண்டும் .357 மேக்னத்தின் குண்டும் 9.07 மி.மீ. குறுக்களவு காட்டும். .380 ஆட்டோவும் 9 மி.மீ. லூகரும் 9.02 மி.மீ. காட்டும். நான்குக்கும் இடையே உள்ள அதிகபட்ச வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு.

இருந்தாலும் நான்கும் நான்கு வேறு தோட்டாக்கள். .380-ஐவிட .357 மேக்னத்தின் ஆற்றல் ஏறக்குறைய மூன்று மடங்கு. .38 ஸ்பெஷல் துப்பாக்கிக்குள் .357 மேக்னம் போகாது; .357 துப்பாக்கிக்குள் .38 ஸ்பெஷல் தாராளமாகப் போகும். துப்பாக்கிப் பிரியர்களின் உலகில் புதிதாக நுழைபவரை முதலில் மிரள வைப்பவை இந்த எண்கள்தாம். மிரளத் தேவையில்லை. பிள்ளைக்கு வைத்த பெயரைப் போல, எப்போதோ ஏதோ ஒரு காரணத்துக்காகத் தோட்டாவுக்கு வைக்கப்பட்ட பெயர் இந்த எண். அதில் அளவு ஒளிந்திருக்கலாம், வருடம் ஒளிந்திருக்கலாம், விளம்பரமும் ஒளிந்திருக்கலாம்.

குழலுக்குள் இரண்டு அளவுகள்

காலிபர் என்பதன் அடிப்படைப் பொருள் எளிது: துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். அமெரிக்க, பிரிட்டிஷ் வழக்கில் அதை அங்குலத்தில் சொல்வார்கள்; .45 என்றால் ஓர் அங்குலத்தில் நூறில் நாற்பத்தைந்து பங்கு. ஐரோப்பிய வழக்கில் மில்லிமீட்டரில் சொல்வார்கள். இவ்வளவோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

சிக்கல் குழலுக்குள் இருக்கிறது. ரைஃபிள், கைத்துப்பாக்கி ஆகியவற்றின் குழல் உட்புறம் வழவழப்பாக இருக்காது. திருகுபோலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அதற்கு ரைஃப்ளிங் என்று பெயர். பள்ளங்களுக்கு நடுவே வெட்டப்படாமல் நிற்கும் பகுதி மேடு. குண்டு அந்த மேடுகளில் கவ்விக்கொண்டு சுழன்றபடி வெளியேறும்; சுழல்வதால்தான் தடுமாறாமல் நேராகப் பறக்கிறது. ஆக, ஒரே குழலுக்கு இரண்டு உள்விட்டங்கள்: எதிரெதிர் மேடுகளுக்கு இடையே ஒன்று, எதிரெதிர் பள்ளங்களுக்கு இடையே இன்னொன்று. ‘.30 காலிபர்’ குழலில் மேட்டளவு 7.62 மி.மீ., பள்ளத்தளவு 7.82 மி.மீ.

குண்டு பள்ளத்தளவுக்கு இருந்தால்தான் மேடுகள் அதைக் கவ்வும், வாயுவும் பக்கவாட்டில் கசியாது. எனவே .30 காலிபர் ரைஃபிளின் குண்டு .308 அங்குலம். அமெரிக்கர்கள் 1906-இல் ஒரு தோட்டாவுக்கு மேட்டளவை வைத்து .30 என்று பெயரிட்டார்கள். 1952-இல் வின்செஸ்டர் நிறுவனம் இன்னொரு தோட்டாவுக்குப் பள்ளத்தளவை வைத்து .308 என்று பெயரிட்டது. நேட்டோ நாடுகள் கிட்டத்தட்ட அதே தோட்டாவை ஏற்றுக்கொண்டபோது மேட்டளவை மில்லிமீட்டராக்கி 7.62 என்றன. மூன்று எண்கள், ஒரே குறுக்களவுள்ள குண்டு.

பிரிட்டிஷ் ராணுவத்தின் புகழ்பெற்ற .303 தோட்டாவிலும் இதே கதை; அதன் குண்டு .311 அங்குலத்தை ஒட்டியது. .270 வின்செஸ்டரின் குண்டு .277. 5.56 மி.மீ. நேட்டோவின் குண்டு 5.70 மி.மீ. யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் தமக்குப் பிடித்த இடத்தில் அளந்திருக்கிறார்கள்.

.38 ஏன் .38 இல்லை

மேடு, பள்ளம் என்ற விளக்கத்துக்கும் கட்டுப்படாதது .38. மேட்டில் அளந்தாலும் பள்ளத்தில் அளந்தாலும் அந்த எண் வராது. அதைப் புரிந்துகொள்ள தோட்டாவின் உறுப்புகளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்: பித்தளை உறை, அதன் அடியில் சுத்தி தட்டியதும் தீப்பொறி தரும் பிரைமர், உறைக்குள் வெடிமருந்து, உறையின் வாயில் செருகிய குண்டு. நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. பறந்து செல்வது குண்டு மட்டுமே, உறை பின்தங்கிவிடும். பேச்சு வழக்கில் முழுத் தோட்டாவையும் குண்டு என்று சொல்கிறோம், தவறில்லை. இந்தக் கட்டுரையில் மட்டும் இரண்டையும் பிரித்தே சொல்கிறேன்.

1850-களின் பெரும்பாலான ரிவால்வர்களில் உறை கிடையாது. சுழலும் சிலிண்டரின் ஒவ்வொரு துளையிலும் மருந்தைக் கொட்டி, மேலே ஈய உருண்டையை அழுத்துவார்கள். பிறகு உலோக உறைத் தோட்டா வந்தபோது பழைய ரிவால்வர்களைத் தூக்கி எறிய மனமில்லாமல் புதிய தோட்டாவுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார்கள். சிலிண்டர் துளை முழுக்க ஒரே அகலம். அதனால் உறையும் குண்டும் வெளிப்புறத்தில் ஒரே குறுக்களவாக இருந்தாக வேண்டும். குண்டின் அடிப்பகுதியை மட்டும் கொஞ்சம் ஒல்லியாக்கி உறைக்குள் செருகினார்கள். அந்தப் பொது வெளியளவு ஏறத்தாழ .38 அங்குலம். அன்றைக்கு .38 என்பது நேர்மையான எண்.

அந்த வடிவமைப்பில் ஒரு தொல்லை இருந்தது. ஈயக் குண்டு குழலில் ஒட்டாமலிருக்க அதன்மீது மெழுகும் கொழுப்பும் பூசுவார்கள். குண்டு உறைக்கு வெளியே இருந்ததால் பூச்சில் சட்டைப்பையின் தூசி எல்லாம் ஒட்டிக்கொண்டது. தீர்வாக, குண்டு முழுவதையும் ஒல்லியாக்கி, பூச்சுள்ள பகுதியை உறைக்குள் மறைத்தார்கள். குண்டு .357-க்கு இறங்கியது, உறையின் வெளியளவு.38-ஐ ஒட்டியே நின்றது, பெயரும் நின்றது. 1898-இல் வந்த .38 ஸ்பெஷல் அந்தப் பழைய பெயரோடுதான் வந்தது. 1935-இல் அதன் உறையைச் சுமார் மூன்றரை மி.மீ. நீட்டி, மருந்தின் வலிமையைக் கூட்டி ஒரு புதிய தோட்டாவை உருவாக்கியபோது, குண்டின் உண்மையான அளவையே பெயராக வைத்து .357 மேக்னம் என்றார்கள். உறையை நீட்டியதற்குக் காரணம் உண்டு. புதிய தோட்டா பழைய .38 ரிவால்வருக்குள் முழுதாக இறங்கக் கூடாது. இறங்கிச் சுட்டுவிட்டால் சிலிண்டர் தாங்காமல் போகலாம். குட்டையான .38 ஸ்பெஷல் நீளமான .357 துளையில் நன்றாக அமர்ந்து வெடிக்கும். அதனால்தான் ‘ஒரு .357 வாங்கு, பயிற்சிக்கு .38 சுடு’ என்று பழையவர்கள் இன்றும் அறிவுரை சொல்கிறார்கள். நல்ல அறிவுரைதான்.

அந்தப் பழைய உறை-குண்டு ஒரே அளவு வடிவமைப்பு செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1887-இலிருந்து இன்றுவரை புழங்கும் .22 லாங் ரைஃபிள் அப்படித்தான் இருக்கிறது. அதன் குண்டைக் கையில் எடுத்துத் தேய்த்தால் விரலில் மெழுகு ஒட்டும்.

சிறுகோட்டுக்குப் பின்னால்

.45-70, .30-30, .30-06, .250-3000 என்று நடுவில் சிறுகோடு போட்ட பெயர்கள் இன்னொரு கூட்டம். முதல் எண் குழலளவு. அதில் பெரிய மர்மம் இல்லை. இரண்டாவது எண்ணுக்கு ஒரே விதி என்று எதுவும் கிடையாது.

1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .45-70-இல் 70 என்பது கரும்வெடிமருந்தின் எடை, கிரெயினில். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். .30-30-இல் இரண்டாவது 30-உம் மருந்தின் எடைதான், ஆனால் இது புகையில்லா மருந்து. அதை 1895-இல் வின்செஸ்டர் வெளியிட்டது. .30-06-இல் ஆறு கிரெயின் மருந்து என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். 06 என்பது 1906-ஆம் ஆண்டு. .250-3000-இல் வருடமும் இல்லை, எடையும் இல்லை: சேவேஜ் நிறுவனம் 1915-இல் ‘விநாடிக்கு 3,000 அடி வேகம்’ என்று ஊருக்குச் சொல்ல விரும்பியது, விளம்பர வாசகமே பெயராகிவிட்டது. .25-06-இல் 06 ஆண்டுகூட அல்ல, பெற்றோரின் பெயர்: .30-06 உறையின் கழுத்தைக் குறுக்கி .25 குண்டு பொருத்தப்பட்டது என்று பொருள்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது .38-40. அதன் குண்டு .401 அங்குலம். 40 என்பது மருந்தின் எடையைக் குறிக்க வந்தது. அதாவது குழலளவைச் சொல்ல வேண்டிய எண் தப்பாகவும், மருந்தைச் சொல்லும் எண் தற்செயலாகக் குழலளவோடு பொருந்தியும் நிற்கின்றன. இதற்குமேல் யாருக்கு என்ன சொல்வது?

மில்லிமீட்டர் முறை

ஐரோப்பிய முறை இதைவிட ஒழுங்கானது. 9×19 என்றால் குழலளவு 9 மி.மீ., உறையின் நீளம் 19 மி.மீ. கடைசியில் ‘ஆர்’ என்ற எழுத்து வந்தால் உறையின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு உண்டு என்று அர்த்தம். இரண்டு எண்களையும் சேர்த்துச் சொன்னால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வம்பு தொடங்குவது, சோம்பலில் முதல் எண்ணை மட்டும் சொல்லும்போது.

‘செவன் சிக்ஸ் டூ’ என்று ஒருவர் சொன்னால் அவர் எதைச் சொல்கிறார்? 7.62×25 டோக்கரேவ் கைத்துப்பாக்கித் தோட்டா. 7.62×39 கலாஷ்னிக்கோவ் தோட்டா. 7.62×51 நேட்டோ தோட்டா. 7.62×54ஆர் 1891-இல் மோசின் ரைஃபிளுக்காகப் பிறந்து இன்றும் ராணுவப் பணியிலிருந்து ஓய்வு பெறாத ரஷ்யத் தோட்டா. இந்த நான்கில் எதையும் மற்றொன்றுக்கு மாற்றாகப் பயன்படுத்த முடியாது. 7.62 என்ற எண்ணின் பூர்வீகமும் சுவையானது: பழைய ரஷ்ய அளவையில் ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு ‘கோடு’ என்று பெயர். மோசின் ரைஃபிள் ‘மூன்று கோட்டு ரைஃபிள்’. மூன்று கோடு என்றால் .30 அங்குலம், அதாவது 7.62 மி.மீ. ரஷ்யர்களும் அமெரிக்கர்களும் ஒரே எண்ணுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். ஆனாலும் ரஷ்யக் குண்டு 7.9 மி.மீ.யைத் தொடும், அமெரிக்கக் குண்டு 7.82-இல் நின்றுவிடும்.

9 மி.மீ. குடும்பமும் சளைத்ததல்ல. 9×19-க்கே லூகர், பாரபெல்லம், நேட்டோ என்று பல பெயர்கள். முதலில் பார்த்த .380 ஆட்டோவின் ஐரோப்பியப் பெயர் 9×17. ஜெர்மானியர் அதை 9 மி.மீ. குர்ட்ஸ் என்பார்கள், இத்தாலியர் 9 மி.மீ. கோர்ட்டோ என்பார்கள். 9×18 மக்காரோவின் குண்டு 9.27 மி.மீ., மற்ற இரண்டைவிடப் பருமன். இத்தாலியில் 9×19 ராணுவத் தோட்டா என்பதால் பொதுமக்களுக்கு நெடுங்காலம் தடைப்பட்டிருந்தது. அங்கே உறை இரண்டு மி.மீ. நீண்ட 9×21 செழித்ததற்கு அதுதான் காரணம். சட்டம் தோட்டாவைப் பெற்றெடுத்த இடங்களும் உண்டு.

ஷாட்கன் மட்டும் தனி வழி

ஒரே சுடுதலில் பல சிறு ரவைகளை வீசும் ஷாட்கனின் குழலளவை 12 போர், 12 கேஜ் என்பார்கள். இந்த முறையில் எண் பெரிதானால் குழல் சிறிதாகும். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அதுவே 12 கேஜ், சுமார் 18.5 மி.மீ. இருபது உருண்டைகளாக வார்த்தால் 20 கேஜ், சுமார் 15.6 மி.மீ. .410 மட்டும் கேஜ் அல்ல, நேரடியாக அங்குல அளவு. கேஜ் கணக்கில் அது 67-ஐ ஒட்டி வரும்.

தவறான தோட்டா எங்கே கடிக்கும்

பொருந்தாத தோட்டா பெரும்பாலும் உள்ளே போகாது. ஆபத்து, பொருந்தாத தோட்டா பொருந்துவதுபோல் நடிக்கும் சில ஜோடிகளில் இருக்கிறது. அவற்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

முதல் ஜோடி ஷாட்கன் வைத்திருப்பவர்களுக்கு. 12 கேஜ் துப்பாக்கியில் கவனக்குறைவாக 20 கேஜ் தோட்டாவைப் போட்டால் அது வழுக்கிக்கொண்டு, தோட்டா அமர வேண்டிய அறையைத் தாண்டிக் குழலுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். சுடுபவர் விசையை இழுக்கிறார், ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். திறந்து பார்த்தால் அறை காலி. போட மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்று 12 கேஜ் தோட்டா ஒன்றைப் போட்டு மறுபடி சுடுகிறார். பின்னாலிருந்து வரும் வெடிப்பு முன்னால் சிக்கிய தோட்டாவில் மோதிக் குழல் கிழிகிறது. குழலைத் தாங்கிப் பிடித்த இடது கை சரியாக அந்த இடத்தில்தான் இருக்கும். இதற்காகவே 20 கேஜ் தோட்டாக்களின் உறையை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். மஞ்சள் தோட்டாவையும் மற்றதையும் ஒரே பையில், ஒரே சட்டைப்பையில் போடாதீர்கள். வேட்டைக்கும் களிமண் தட்டு சுடுதலுக்கும் இரண்டு துப்பாக்கிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள் கிளம்புமுன் மேல்சட்டைப் பைகளைக் கவிழ்த்து உதறுவது வெறும் சம்பிரதாயமல்ல.

இரண்டாவது, இக்காலத்து ஜோடி. ஏஆர்-15 வகை ரைஃபிளில் .223 அல்லது 5.56 தோட்டா ஓடும். அதே உறையைக் குட்டையாக்கி .308 அங்குலக் குண்டு பொருத்தியது .300 பிளாக்அவுட், 2011-இல் தரநிலை பெற்றது. அதன் பெருமையே, குழலை மட்டும் மாற்றினால் போதும், அறையை மூடும் போல்ட்டும், தோட்டாக்களை அடுக்கும் மேகசினும் அப்படியே இருக்கலாம் என்பதுதான். பெருமையே வினையாகிறது. ஒரே மேகசின், ஒரே வெளித்தோற்றம். சில .300 தோட்டாக்கள் .223 அறைக்குள் ஏறிப் பூட்டிக்கொள்ளும். குண்டு உறைக்குள் பின்வாங்கி இடம் கொடுத்துவிடும். விசையை இழுத்தால் 7.8 மி.மீ. குண்டு 5.7 மி.மீ. குழலுக்குள் நுழைய முயலும். நுழையாது, ரைஃபிள் சிதறும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் வெவ்வேறு நிற மேகசின்களைப் பயன்படுத்துகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டையும் ஒரே நாளில் சுடுதளத்துக்கு எடுத்துச் செல்லாமலிருப்பது இன்னும் நல்லது.

மூன்றாவது நுட்பமானது. .223 ரெமிங்டனும் 5.56 நேட்டோவும் வெளியளவில் ஒன்றே. வேறுபாடு துப்பாக்கியின் அறையில் இருக்கிறது: குண்டு உறையை விட்டுக் கிளம்பி மேடுகளைத் தொடும்வரை உள்ள சிறு இடைவெளி 5.56 அறையில் நீளம், .223 அறையில் குறைவு. அதிக அழுத்தத்தில் நிரப்பிய 5.56 தோட்டாவை இடைவெளி குறைந்த .223 அறையில் சுட்டால் அழுத்தம் எல்லை மீறலாம். 5.56 என்று பொறித்த குழலில் இரண்டையும் சுடலாம்; .223 என்று மட்டும் பொறித்திருந்தால் .223 மட்டும். .308 வின்செஸ்டர், 7.62 நேட்டோ ஜோடியில் கவலை தலைகீழ். பழைய ராணுவ ரைஃபிள்களில் கடைத் தோட்டாவான.308-ஐப் போடுமுன் நிபுணரிடம் காட்டுவது நல்லது.

பெரிய எண் என்றால் பெரிய வலிமையா?

இல்லை. இதை ஓர் எடுத்துக்காட்டோடு முடித்துக்கொள்ளலாம். .22 லாங் ரைஃபிளும் .223 ரெமிங்டனும் ஏறக்குறைய ஒரே குறுக்களவுள்ள குண்டுகளை வீசுகின்றன. 40 கிரெயின் .22 குண்டு விநாடிக்கு 1,200 அடி வேகத்தில் சுமார் 175 ஜூல் ஆற்றலோடு கிளம்பும். 55 கிரெயின் .223 குண்டு 3,200 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் 1,700 ஜூலைத் தாண்டும். குழலளவில் வித்தியாசமே இல்லை, ஆற்றலில் பத்து மடங்கு. வேகத்தைத் தீர்மானிப்பது உறைக்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது, அறை எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பவை. பெட்டியில் ‘+பி’ என்று அச்சிட்டிருந்தால் வழக்கமான எல்லையைவிடக் கூடுதல் அழுத்தம் என்று பொருள். உங்கள் துப்பாக்கியின் கையேடு அனுமதித்தால் மட்டும் வாங்குங்கள். மேக்னம் என்ற சொல்லுக்கு அறிவியல் வரையறை எதுவும் கிடையாது. ‘வழக்கத்தைவிடப் பெரிது’ என்று மார்தட்டும் சொல், அவ்வளவே.

வாங்கும்போது

அன்றாடம் உடன் எடுத்துச் செல்வதற்குச் சட்டம் அனுமதிக்கும் இடங்களில் கைத்துப்பாக்கி தேடுபவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியின் அழகில் மயங்கி, காலிபரைக் கடைசியில் கேட்கிறார்கள். வரிசையை மாற்றிக் கேட்பது நல்லது. எந்தத் தோட்டா எளிதில் கிடைக்கும், அதன் உதைப்பை உங்கள் கை தாங்குமா, மாதம் எவ்வளவு பயிற்சி செய்யக் கட்டுப்படியாகும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகு துப்பாக்கியைப் பாருங்கள். உள்ளங்கை அளவுள்ள இலகுவான துப்பாக்கியில் வலிமையான தோட்டா என்பது கடையில் கவர்ச்சியாக இருக்கும். சுடுதளத்தில் ஒரு பெட்டி முடியுமுன் மணிக்கட்டு மறுப்புத் தெரிவிக்கும். பல நாடுகளில் உரிமத்திலேயே காலிபர் எழுதப்பட்டிருக்கும் என்பதால், பெயரைப் பாதியாக எழுதிக்கொடுத்துவிட்டுப் பிறகு அலையவும் நேரலாம்.

காலிபர்களைக் குறைத்துக்கொள்வதும் ஒரு பழைய ஞானம். 1873-இல் வின்செஸ்டர் ரைஃபிளுக்காக வந்த .44-40 தோட்டாவை, சில ஆண்டுகளிலேயே கோல்ட் நிறுவனம் தன் ரிவால்வரிலும் ஓடும்படி செய்தது. இடுப்பில் ஒரு பட்டை, அதிலிருந்து இரண்டு ஆயுதங்களுக்கும் தோட்டா. இன்று 9 மி.மீ. கைத்துப்பாக்கியும் அதே தோட்டா ஓடும் கார்பைன் என்ற குட்டை ரைஃபிளும் சேர்த்து வாங்குபவர்கள் அந்த வழியில்தான் நடக்கிறார்கள். அலமாரியில் தோட்டா வகைகள் குறையக் குறைய, தவறானதைக் கையில் எடுக்கும் வாய்ப்பும் குறையும்.

எதை நம்புவது? குழலின் மீதோ துப்பாக்கியின் உடற்சட்டத்தின் மீதோ பொறித்துள்ள முழுப் பெயரை. தோட்டாவின் அடியில் பிரைமரைச் சுற்றிப் பொறித்துள்ள முழுப் பெயரை. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ‘.38 ஸ்பெஷல்’ என்பதும் ‘.38 ஸ்மித் அண்டு வெஸன்’ என்பதும் ஒன்றல்ல. பின்னதின் குண்டும் உறையும் கொஞ்சம் பருத்தவை. ராணுவத் தோட்டாக்களின் அடியில் பல நேரம் காலிபரே இருக்காது. தொழிற்சாலைக் குறியும் ஆண்டும் மட்டும் இருக்கும், நேட்டோ தரம் என்றால் வட்டத்துக்குள் ஒரு சிலுவைக் குறி. அவற்றை மூலப் பெட்டியிலிருந்து பிரித்துக் கண்ணாடிக் குடுவையில் கொட்டி வைப்பது, பார்க்க அழகாக இருந்தாலும், செய்யக் கூடாத வேலை. தோட்டாக்களின் அளவையும் அழுத்த எல்லையையும் வகுப்பவை இரண்டு அமைப்புகள்: ஐரோப்பாவில் 1914-இல் தோன்றிய சி.ஐ.பி., அமெரிக்காவில் 1926-இல் தோன்றிய எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. (சுருக்கமாக ‘சாமி’). இரண்டும் எல்லாவற்றிலும் ஒத்துப்போவதில்லை.

சேகரிப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக

இந்த இரண்டு அமைப்புகளும் ஒத்துப்போகாததற்குச் சிறந்த சாட்சி 8 மி.மீ. மவுசர் தோட்டா. ஜெர்மனி 1888-இல் கொண்டுவந்த ரைஃபிளின் குண்டு .318 அங்குலம். 1905-இல் கூர்முனைக் குண்டுக்கு மாறியபோது அது .323 ஆனது, உறை மாறவில்லை. பழைய ரைஃபிள்கள் பல புதிய குண்டுக்கு ஏற்பத் திருத்தப்பட்டு ‘எஸ்’ என்ற எழுத்து பொறிக்கப்பட்டன, பல திருத்தப்படாமல் நின்றன. தம் நாட்டில் எந்த ரைஃபிள் யார் கையில் இருக்கிறதோ என்று அஞ்சிய அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் இந்தத் தோட்டாவை மென்மையாகவே நிரப்புகிறார்கள்: அங்கே அழுத்த எல்லை 35,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), ஐரோப்பாவில் 56,000-க்கும் மேல். பெட்டியில் உள்ள பெயர் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். ஐரோப்பியப் பெட்டியை வாங்கி 1888 ரைஃபிளில் போடுபவர் இந்த வேறுபாட்டைக் கண்ணால் காண வழியில்லை.

பழைய துப்பாக்கிகளின் இன்னொரு தந்திரம், இடையில் யாரோ காலிபரை மாற்றியிருப்பது. .455 வெப்லி ரிவால்வர்கள் ஏராளமாக அமெரிக்கச் சந்தைக்குப் போனபோது, அங்கே எளிதில் கிடைத்த .45 ஆட்டோ தோட்டா பொருந்தும்படி சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவி விற்றார்கள். பொருந்தியது உண்மை, ஆனால்.45 ஆட்டோவின் அழுத்தம் அந்த ரிவால்வர் வடிவமைக்கப்பட்ட அழுத்தத்தைவிட மிக அதிகம். சீவப்பட்ட வெப்லி ஒன்று கிடைத்தால், சுவரில் மாட்டுங்கள்; முழு வலிமைத் தோட்டா போடாதீர்கள். பழைய ஷாட்கன்களில் அறையின் நீளமும் குறைவாக இருக்கும். இரண்டரை அங்குல அறையில் இன்றைய இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டா சிரமமின்றி உள்ளே போகும், ஆனால் வெடித்து விரிய இடம் இருக்காது.

பொறிப்பு தேய்ந்துபோயிருந்தாலோ, மாற்றியிருப்பார்கள் என்ற ஐயம் இருந்தாலோ, துப்பாக்கிப் பழுதுபார்க்கும் வல்லுநர் அறையை வார்ப்பு எடுத்துக் காட்டுவார். சுமார் 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே உருகும் ஓர் உலோகக் கலவை இதற்கென்று இருக்கிறது. குழலின் முன்பகுதியைத் துணியால் அடைத்து, கலவையை உருக்கி அறையில் ஊற்றுகிறார்கள். இறுகும்போது அது லேசாகச் சுருங்கும், அதனால் ஒட்டாமல் வெளியே வந்துவிடும். பிறகு மெல்ல விரிந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அறையின் சரியான அளவுக்கு வந்து நிற்கும். அப்போது வெர்னியரை வைத்து அடி, தோள், கழுத்து, பள்ளம் ஒவ்வொன்றையும் அளந்து, தரநிலை வரைபடங்களோடு ஒப்பிட்டால் அந்தத் துப்பாக்கி எந்தத் தோட்டாவுக்கு உரியது என்பது தெரிந்துவிடும்.